அத்தையின் காதுமடல்: யாரிடம் போவது, எந்த நாளில் போவது?

மொரீஷியஸில், ரோஸ்ஹில்லில் வசிக்கும் என் அத்தைக்கு 59 வயது. கடந்த 20 மாதங்களில் அவருடைய காதுமடல் 7 முறை சிவந்து வீங்கியிருக்கிறது. 5 முறை இடக்காது, 2 முறை வலக்காது. வீக்கம் ஒரே இரவில் வருகிறது. தலையணையில் சாய்க்க முடியாத வலியோடு இருந்து, 8 முதல் 12 நாட்களுக்குள் வடிந்துவிடுகிறது. அதன்பின் இரண்டு மூன்று மாதம் காது பழைய காதாகவே இருக்கிறது. காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை, அடிபட்ட தடயமும் இல்லை. ஏன் வருகிறது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

விடை தேடி எங்கே போவது என்று நான்கு மாதமாக எங்கள் குடும்பத்தில் பேச்சு நடக்கிறது. சென்னைக்கு அழைத்துப் போய்விட வேண்டும் என்பது அத்தை மகனின் கருத்து. போர்ட் லூயியில் தனியார் நிபுணர் ஒருவரைப் பார்த்தால் போதும் என்கிறார் அவன் மனைவி. அத்தையோ வாக்குவா அரசு மருத்துவமனையைத் தவிர வேறெங்கும் வரமாட்டேன் என்கிறார். மூவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதால்தான் பேச்சு முடியவில்லை. நான் மருத்துவம் படித்தவன் அல்லன். ஆனால் மருத்துவரிடம் கூடப் போகிறவன், சீட்டுகளைக் கோப்பில் அடுக்கி வைக்கிறவன் என்ற முறையில், இந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்து எடைபோட்டுப் பார்த்ததை எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறொரு வீட்டுக்கு இது உதவக்கூடும்.

வழிகளை ஒப்பிடுமுன் ஒரு சொற்சிக்கலைச் சொல்லியாக வேண்டும். அத்தை மருத்துவரிடம் எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் "மோ ஸோரேய் ஃபேர் மால்" என்பார். தமிழில் "காது வலிக்கிறது" என்றாலும் இதே கதைதான். இரண்டு மொழியிலும் அந்த ஒரு சொல் மடலையும் துளையையும் உள்ளே இருக்கும் செவிப்பறையையும் சேர்த்தே குறிக்கிறது. நாங்கள் முதன்முதலில் போன ஒரு மருந்தகத்தில், வீக்கம் பாதி வடிந்திருந்த நிலையில், மருத்துவர் விளக்குக் கருவியால் துளைக்குள் பார்த்து, உள்ளே சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அத்தையின் துன்பம் துளைக்குள் இல்லை, மடலில் இருக்கிறது என்பதை நாங்கள் தெளிவாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு "காதின் வெளிமடல் வீங்குகிறது, துளைக்குள் ஒன்றுமில்லை, கேட்பதில் குறை இல்லை" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறோம். உறவினர் எவரேனும் பூண்டு எண்ணெயைக் காய்ச்சிக் காதுக்குள் விடச் சொன்னால் அதையும் இதே காரணத்துக்காகத் தயங்காமல் மறுக்கலாம்.

இரண்டாவது செய்தி அதைவிட முக்கியமானது. ஆறாம் முறை வீங்கியபோது அத்தையின் பேத்தி கைப்பேசியில் ஒரு படம் எடுத்தாள். மடலின் மேல்விளிம்பு முதல் நடுப்பகுதி வரை கன்றிச் சிவந்திருக்கிறது; ஆனால் தோடு தொங்கும் சோணை மட்டும் இயல்பான நிறத்தில், இயல்பான அளவில் இருக்கிறது. காதுமடலின் பெரும்பகுதி குருத்தெலும்பின் மேல் தோல் போர்த்தியது. சோணையில் குருத்தெலும்பு கிடையாது, தோலும் கொழுப்பும்தான். ஆகவே மடல் வீங்கிச் சோணை தப்பியிருந்தால், துன்பம் தோலில் இல்லாமல் குருத்தெலும்பிலோ அதைச் சுற்றிய உறையிலோ இருக்கக்கூடும் என்று பொருள். தோலைப் பற்றும் கிருமித்தொற்றாக இருந்தால் அது சோணையையும் விடாது. தோட்டில் உள்ள நிக்கல் ஒவ்வாமையாக இருந்தால் சோணையில்தான் தொடங்கும். தலைச்சாயம் ஒத்துக்கொள்ளாவிட்டால் அரிப்பும் செதிலும் முன்நிற்கும், முடி வரம்பிலும் கழுத்திலும் படரும். தைப்பூசக் காவடிக்கு முன் அத்தை தலைக்குச் சாயம் பூசுவது வழக்கம் என்பதால் எங்கள் முதல் சந்தேகம் அதன் மேல்தான் விழுந்தது; சாயத்தை நிறுத்தி ஓராண்டு ஆன பிறகும் வீக்கம் வந்தது.

இன்னும் இரண்டு வாய்ப்புகள் உண்டு. சிவந்த காது நோய்க்குறி என்று ஒன்றை ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் லான்ஸ் 1990களில் விவரித்திருக்கிறார். அதில் காது தீயாய் எரிந்து சிவக்கும், ஆனால் நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தணிந்துவிடும். பத்து நாள் நீடிக்கும் வீக்கத்துக்கு அது பொருந்தவில்லை. குருத்தெலும்பு உறையில் சூடோமோனாஸ் என்ற கிருமி தொற்றுவதும் உண்டு. அது சோணையை விட்டுவைக்கும்தான். ஆனால் மேல்மடலில் காது குத்தியதாலோ காயத்தாலோ வருவதே பெரும்பாலும் வழக்கம், தானாக வடிந்து மறுகாதில் தலைகாட்டுவது அதன் இயல்பு அன்று.

எஞ்சி நிற்பதில் எங்களைக் கவலைகொள்ள வைப்பது, ரிலாப்சிங் பாலிகாண்ட்ரைட்டிஸ் என்று ஆங்கிலத்திலும் பொலிகோந்த்ரீத் என்று பிரெஞ்சிலும் சொல்லப்படும், குருத்தெலும்பு அழற்சி மீண்டும் மீண்டும் வரும் அரிய நோய். 1923-இல் முதன்முதலில் விவரிக்கப்பட்டது. இன்றைய பெயர் 1960-இல் வந்தது. உடலின் எதிர்ப்பாற்றல் தன் குருத்தெலும்பையே தாக்குவதால் ஏற்படுவது என்று கருதப்படுகிறது. நாற்பது வயதுக்கும் அறுபதுக்கும் இடையில் தொடங்குவது அதிகம். இருகாது மடல் அழற்சி, மூட்டழற்சி, மூக்குக் குருத்தெலும்பு அழற்சி, கண் அழற்சி, மூச்சுப்பாதைக் குருத்தெலும்பு அழற்சி, செவித்திறனோ உடற்சமநிலையோ கெடுதல் ஆகிய ஆறில் மூன்று இருந்தால் இந்நோய் எனக் கொள்ளலாம் என்று 1976-இல் மக்கடம் குழுவினர் ஓர் அளவுகோல் வகுத்தார்கள். பின்னர் வந்தவர்கள் அதைச் சற்றுத் தளர்த்தினார்கள். அத்தைக்கு இரண்டு காதும் வீங்கியிருக்கின்றன. விரல் மூட்டிலும் முழங்காலிலும் வலி வந்து போகிறது. வயதின் வலி என்று நாங்களே ஒதுக்கியிருந்தோம். இதனால் அவருக்கு இந்நோய்தான் என்று நான் சொல்லவில்லை. கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று இதுவரை கேட்கப்படாமலே இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

இந்நோய்க்கென்று தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய அளவுகள் வீக்க நாட்களில் உயரலாம், உயராமலும் இருக்கலாம்; இடைநாட்களில் எடுத்தால் அவை இயல்பாகவே இருக்கக்கூடும். திசுப் பரிசோதனை செய்ய நேர்ந்தாலும் அழற்சி இருக்கும் நாளில் எடுத்தால்தான் பயன். ஆகவே எந்த வழியையும் நான் இரண்டு கேள்விகளால் அளந்தேன். காது வீங்கியிருக்கும் நாளில் அங்கே காட்ட முடியுமா? முன்பு வந்த ஏழு முறையையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் ஒருவர் அங்கே இருப்பாரா? செலவும் மருத்துவமனையின் பெயரும் இவற்றுக்குப் பிறகுதான்.

வீட்டுக்கு அருகிலுள்ள மருந்தகத்தில் முதல் கேள்விக்கு ஆம் என்பதே விடை. காலையில் போனால் அன்றே பார்த்துவிடுவார்கள். இரண்டாவது கேள்விக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் வேறொரு மருத்துவர் இருப்பார், ஒவ்வொருவருக்கும் அது முதல் வீக்கம், கிருமித்தொற்று என்று கொள்வது அந்த நிலையில் இயல்பே. இப்படி ஐந்து முறை ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுக்கப்பட்டது. ஐந்து முறையும் பத்து நாளில் குணமானது. குணமானது மாத்திரையால்தான் என்று நாங்களும் நம்பினோம். ஒருமுறை வயிற்றுப்போக்கு வந்ததால் அத்தை இரண்டாம் நாளே மாத்திரையை நிறுத்திவிட்டார். அப்போதும் அதே பத்து நாளில்தான் வடிந்தது. ஒரு தடவை நடந்ததை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் ஆறாம் தடவையும் அதே மாத்திரையை ஏற்றுக்கொள்ளுமுன் ஒரு கேள்வி கேட்க அது போதுமான காரணம். இந்த வழியை மட்டும் நம்பி இருப்பதை நான் விலக்கிவிட்டேன்.

வாக்குவாவில் காது மூக்கு தொண்டைக்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. நம் நாட்டில் அரசு மருத்துவம் இலவசம் என்பதை நாம் சில வேளை குறைவாக மதிப்பிடுகிறோம். நீண்ட நாள் பின்தொடர வேண்டிய நோயில், ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் ஒவ்வொரு வருகைக்கும் பணம் எண்ண வேண்டியதில்லை என்பது சிகிச்சையை இடையில் விடாமல் தொடர்வதற்கான முதல் நிபந்தனை. ரோஸ்ஹில்லிலிருந்து மெட்ரோவில் ஏறினால் காத்ர் போர்ன் வழியாக வாக்குவா நிலையத்திலேயே இறங்கலாம். முழங்கால் வலியுள்ள அத்தைக்கு இது சிறிய வசதி அன்று. குரல்வளையையும் மூச்சுப்பாதையின் மேற்பகுதியையும் மெல்லிய குழாய்க் கருவியால் பார்க்கவும் செவித்திறனை அளக்கவும் தகுந்தவர்கள் காது மூக்கு தொண்டை நிபுணர்களே.

இந்த வழியின் குறையும் தெளிவானது. நிபுணரைப் பார்க்க முன்பதிவு நாள் வேண்டும், அந்த நாள் வரும்போது காது இயல்பாக இருக்கும். வீக்கமே இல்லாத மடலைக் காட்டி வீக்கத்தைப் பற்றிப் பேசுவது எவ்வளவு வலுவற்றது என்பதை அந்த நாற்காலியில் அமர்ந்தவர்கள் அறிவார்கள். நாங்கள் எண்ணிப் பார்க்காத ஒன்று, படமும் தேதிக் குறிப்பும் இந்தக் குறையைப் பெருமளவு ஈடுசெய்யும் என்பது. மடலையும் சோணையையும் சேர்த்து, பகல் வெளிச்சத்தில், இரண்டு காதுகளையும் அடுத்தடுத்து எடுத்த படம், எடுத்த தேதியுடன். அன்று மூட்டு வலி இருந்ததா, கண் சிவந்ததா, குரல் கம்மியதா என்ற குறிப்பு. என்ன மருந்து, எத்தனை நாள், எந்த நாளில் வடிந்தது என்ற கணக்கு. இவை ஒரே தாளில் இருந்தால், மருத்துவர் மாறினாலும் நினைவு மாறாது.

அரசு வழியின் மறைந்திருக்கும் வலிமை, ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குக் கடிதத்தோடு அனுப்ப முடியும் என்பது. இந்நோய் காதில் தொடங்கினாலும் காது மருத்துவத்துக்குள் அடங்குவதன்று; உள்மருத்துவமும் மூட்டுவாதத் துறையும்தான் இதற்கு உரிய இடங்கள். கண்ணின் வெண்படலத்தில் அழற்சி இருந்தால் நம் பாரதியின் பெயரைத் தாங்கி மோக்காவில் இருக்கும் சுப்பிரமணிய பாரதி கண் மருத்துவமனைக்கு அனுப்பலாம். நாமாகக் கேட்காமல் இவை எல்லாம் நடந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. "இது கிருமித்தொற்றாக இல்லாமல் குருத்தெலும்பு அழற்சியாக இருக்குமா, உள்மருத்துவத் துறைக்கு ஒரு கடிதம் தர முடியுமா?" என்று மரியாதையோடு, நேராக, ஒரே வாக்கியத்தில் கேட்க வேண்டும்.

தனியார் நிபுணரைப் பொறுத்தவரை, முதல் கேள்விக்கு மிக நல்ல விடை அங்கேதான் கிடைக்கிறது. தொலைபேசியில் கேட்டால் ஓரிரு நாளில் பார்க்கலாம். அடுத்த முறையும் அதே மருத்துவர் இருப்பார். ஆனால் குழப்பமான நோயில் பார்க்கும் கட்டணம் சிறு பகுதிதான்; அவர் எழுதித் தரும் பரிசோதனைகளின் பட்டியலே பெரும்பகுதி. அத்தைக்குத் தனிக் காப்பீடு இல்லை. அரசு மருத்துவமனையில் பணிபுரியும் நிபுணர்கள் பலர் மாலையில் தனியாகவும் பார்க்கிறார்கள் என்பதால், தனியார் வழியையும் அரசு வழியையும் எதிரெதிராக நிறுத்தத் தேவையில்லை. வீங்கிய நாளில் ஒரே ஒரு முறை தனியாகக் காட்டி, கண்டதை எழுத்தில் வாங்கி, அந்தக் கடிதத்தை அரசு மருத்துவமனைக் கோப்பில் சேர்த்துவிடலாம். அத்தை மகனின் மனைவி சொன்னதில் நான் எடுத்துக்கொண்ட பகுதி இது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வலி தாங்காமல் அன்றே ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் வீக்கம் சட்டென்று அடங்கும். அடங்கிய பிறகு எடுக்கும் ரத்தமும் திசுவும் எதையும் காட்டாமல் போகலாம். ஆகவே மருந்தைத் தொடங்குமுன் ரத்தம் எடுத்துவிடலாமா என்று கேட்பது நல்லது.

சென்னைப் பயணத்தின் மேல் என் அத்தை மகனுக்கு இருக்கும் நம்பிக்கையை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை. அங்கே அத்தை தன் வலியைத் தமிழில் சொல்லலாம். கோயில் தமிழோடு வளர்ந்த அவருக்கு, பேச்சுத் தமிழ் முழுமையாக வராவிட்டாலும், அது ஒரு தெம்பு. சென்னையிலும், 1900-இல் தொடங்கப்பட்ட வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மூட்டுவாத நிபுணர்கள், காது மருத்துவர்கள், கண் மருத்துவர்கள், திசு ஆய்வர்கள் என எல்லோரும் இருக்கிறார்கள். அரிய நோய்களை அதிகம் பார்த்த கண்களும் அங்கே அதிகம். மருத்துவ விசாவில் நோயாளியுடன் இருவர் துணைக்குப் போகலாம்.

ஆனாலும் என் முதல் கேள்வி இங்கேதான் மிகக் கடுமையாக எழுகிறது. காது எப்போது வீங்கும் என்று தெரியாமல் விமானச் சீட்டு எப்படி எடுப்பது? சென்னைக்கு நேரடி விமானம் தினந்தோறும் இல்லை. மூன்று வாரம் வாடகை அறையில் தங்கி, ஒருமுறைகூட வீங்காமல், "மறுபடி வந்தால் காட்டுங்கள்" என்ற விடையோடு திரும்பும் வாய்ப்பு உண்மையானது. நோய்க்குப் பெயர் கிடைத்தாலும் சிக்கல் அத்துடன் தீராது. இத்தகைய நோய்க்கு மாதக்கணக்கில் மருந்தும், சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்பு, ரத்த அணுக்கள் ஆகியவற்றின் கண்காணிப்பும் வேண்டியிருக்கும். அதைச் செய்யப்போகிறவர் இங்கிருக்கும் மருத்துவரே. அவரோடு தொடர்பே இல்லாமல் அங்கே தொடங்கிய சிகிச்சை இங்கே அறுந்துபோகும். அரசின் வெளிநாட்டுச் சிகிச்சை உதவித் திட்டத்தைப் பற்றியும் பேச்சு வந்தது. அது உள்நாட்டில் செய்ய இயலாத சிகிச்சை என்று அரசு மருத்துவர்கள் பரிந்துரைக்கும் நோயாளிகளுக்கானது. அப்படியொரு பரிந்துரைக்கும் அரசு மருத்துவமனைக் கோப்புத்தான் முதலில் வேண்டும்.

பயணத்துக்குப் பதிலாகப் படங்களையும் அறிக்கைகளையும் அனுப்பிக் காணொளியில் அங்கிருக்கும் ஒருவரின் கருத்தைக் கேட்கலாம். இந்திய நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம்தான் முன்னே. ஆனால் மடலைத் தொட்டுப் பார்க்காமலும் குரல்வளையைப் பார்க்காமலும் சொல்லப்படும் கருத்து, இங்கிருக்கும் மருத்துவருக்குத் துணையாகுமேயன்றி அவருக்கு மாற்றாகாது. ரீயூனியன் தீவு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான விமானப் பயணத்தில் இருக்கிறது, பிரெஞ்சுப் பல்கலைக்கழக மருத்துவமனை இருக்கிறது. ஆனால் பிரெஞ்சுக் காப்புறுதி இல்லாதவர் முழுக் கட்டணமும் கட்ட வேண்டும் என்பதால் எங்களைப் போன்றவர்களுக்கு அது எட்டாத வழி.

ஆகவே என் முடிவு இது. அடித்தளம் வாக்குவா அரசு மருத்துவமனை. அங்கிருந்து உள்மருத்துவத் துறைக்குக் கடிதம். அடுத்த வீக்கத்தின் இரண்டாம் நாளுக்குள் ஒரே ஒரு தனியார் வருகை, அன்றே ரத்தப் பரிசோதனை, எழுத்தில் ஒரு குறிப்பு. அந்தப் பரிசோதனைகளில் முழு ரத்த எண்ணிக்கையும் சேர வேண்டும். அத்தைக்குப் பெரிதும் பொருந்தாது என்றாலும், ஐம்பதைக் கடந்த ஆண்களுக்கு இதே மடல் வீக்கத்தோடு ரத்த அணுக் கோளாறும் சேர்ந்து வரும் வெக்சாஸ் என்ற நோய் 2020-இல்தான் கண்டறியப்பட்டது. வீங்குவது அப்பாவின் காது என்றால் இதையும் மருத்துவரிடம் கேளுங்கள். இங்குள்ள மருத்துவர்களே திசு முடிவில் ஐயப்பட்டாலோ, ஓராண்டு பின்தொடர்ந்தும் விடை வராவிட்டாலோ மட்டும் சென்னை. அதுவும் அவர்கள் எழுதித் தரும் கடிதத்தோடு.

இந்த வரிசைக்கெல்லாம் ஒரு விலக்கு உண்டு. குரல் கம்மினால், மூச்சு விடும்போது ஓசை வந்தால், கழுத்தின் முன்புறம் தொட்டால் வலித்தால், ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால், கண் சிவந்து வலித்தால், முன்பதிவையும் ஒப்பீட்டையும் விட்டுவிட்டு நேராகக் காண்டோஸ் விக்டோரியா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மூச்சுக்குழலைத் தாங்கி நிற்பதும் குருத்தெலும்புதான். திடீர்ச் செவிட்டுக்கு மருத்துவம் செய்ய நாட்கள்தான் உண்டு, வாரங்கள் இல்லை.

அத்தை மகனிடம் இதைச் சொன்னபோது அவன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "வீங்கும் வரை காத்திருக்கச் சொல்கிறாயா அண்ணா?" என்று கேட்டான். காத்திருக்கச் சொல்லவில்லை, அந்த நாளுக்கு ஆயத்தமாக இருக்கச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் அவன் தானாகவே வாக்குவாவில் முன்பதிவு நாள் வாங்கி வந்தான். ஏழு வீக்கங்களின் தேதியும் இருக்கிற மூன்று படங்களும் இப்போது ஒரு கோப்பில் இருக்கின்றன. எட்டாவதுக்கான பக்கத்தில் பேத்தி தேதிக்கு மட்டும் இடம் விட்டு, மூட்டு, கண், குரல், மூச்சு, செவி என்று ஐந்து கட்டங்கள் வரைந்து வைத்திருக்கிறாள்.